வண்டு செத்துப்போச்சு

புஷாயிபின் கடை என்பது ஒரு நாற்காலி, ஒரு குடை, தரையில் விரித்த ஒரு வெள்ளைத் துணி. துணியின் மேல் இருபத்தாறு வருடமாக அவர் பிடுங்கிய பற்கள் குவிந்து கிடக்கும். துக்காலா சமவெளியின் செவ்வாய்ச் சந்தைக்கு வருகிறவர்கள் அந்தக் குவியலைப் பார்த்துத்தான் நம்பி வாயைத் திறப்பார்கள். அவரும் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். எதிராளி பதில் யோசிப்பதற்குள் பல் வெளியே வந்திருக்கும்.

அந்த ஊரில் பல் சொத்தைக்கும் கோதுமையை அரிக்கும் வண்டுக்கும் ஒரே பெயர். பல் வலித்தால் வண்டு தின்கிறது. வலி நின்றால் வண்டு செத்துவிட்டது. இதை நம்பாதவர் சந்தையில் யாரும் கிடையாது. புஷாயிபும் நம்பினார். பல்லைப் பிடுங்கத் தெரிந்தவருக்குப் பல்லைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நாமாக நினைத்துக்கொண்டால் அதற்கு அவர் என்ன செய்வார்?

நோன்பு மாதத்தின் இரண்டாம் வாரம் அவர் மனைவி ரகிய்யாவுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் வலித்தது. பகலில் கிராம்பு கடிக்கமாட்டாள்; சாறு தொண்டையில் இறங்கினால் நோன்பு போய்விடும். சாயங்காலம் நோன்பு திறந்து, ஹரீரா சூப்பை ஒரு பக்க வாயாலேயே குடித்துவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள்.

"வாயைத் திற. ஒரு நிமிச வேலை," என்பார் இவர்.

"போ மனுசா. ஊர்ல இருக்கிற கழுதை வியாபாரி வாய்க்குள்ள எல்லாம் போய்ட்டு வந்த குறடு அது. என் வாய்க்குள்ள வருமா?"

"வெந்நீர்ல போட்டு எடுத்துத் தரேன், லாலா ரகிய்யா. மகாராணி வாய்க்கு ஏத்த மாதிரி."

"பெருநாள் போகட்டும். பலகாரமெல்லாம் யாரு சுடுறது, உன் குறடா?"

ஐந்தாம் நாள் அவளாலேயே தாங்க முடியவில்லை. "சரி, பிடுங்கித் தொலை," என்று எதிரில் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாள். ஊரார் பல் அவருக்கு மரத்தில் அறைந்த ஆணி. இந்த வாயைக் கண்டதும் குறட்டைக் கீழே வைத்தார். கிராம்பெண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்து, "நாளைக்குப் பார்க்கலாம்," என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் பிற்பகல் தொழுகை முடிந்து வந்தபோது ரகிய்யா அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"மனுசா, வலி நின்னுடுச்சு! சுத்தமா இல்ல. வண்டு செத்துப்போச்சு!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார். அவள் தப்பித்தாள் என்று பாதி சந்தோஷம். பிடுங்காமல் தாம் தப்பித்தோம் என்று மீதி.

மூன்றாம் நாள் அவள் தாடைக்கு அடியில் கல் மாதிரி வீங்கிவிட்டது. காய்ச்சல் கொதித்தது. தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. வண்டி பிடித்து நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"வலி எப்ப நின்னுச்சு?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"மூணு நாளாச்சு. வண்டு செத்துடுச்சு."

"வண்டெல்லாம் கிடையாது, பாபா. செத்தது பல்லோட நரம்பு. அதனாலதான் வலி தெரியல. சீழ் உள்ளயே கழுத்துக்கு இறங்கிடுச்சு. அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கணும்."

மறுநாள் மதியம் ரகிய்யா போய்விட்டாள். வீட்டில் பெருநாள் பலகாரத்துக்காக அவள் தோலுரித்து வைத்த பாதாம் அப்படியே இருந்தது.

குறட்டைக் கிணற்றில் எறிந்திருந்தால் கதைக்கு அழகாக இருந்திருக்கும். வயிறு கேட்குமா? பெருநாள் கழித்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை புஷாயிப் சந்தையில் குடையை விரித்தார். ஒவ்வொரு பல்லுக்கும் குறட்டைக் கொதிக்க வைத்தார். பேச்சுக் கொடுப்பது மட்டும் நின்றுபோனது.

அடுத்த வருட அறுவடை முடிந்த சமயம் மக்கி என்ற விவசாயி வாயெல்லாம் சிரிப்பாக வந்து நின்றான். போன வாரம் வலியில் துடித்தவன், கூட்டத்தைப் பார்த்து நழுவியிருந்தான்.

"பா புஷாயிப், உன் குறட்டுக்கு வேலை இல்ல! வண்டு தானா செத்துடுச்சு."

புஷாயிப் குளிர்ந்த கிணற்று நீரை அவன் வாயில் ஊற்றினார். "கூசுதா?"

"கொஞ்சம்கூட இல்லையே!"

தாடைக்கு அடியில் விரலை வைத்து அழுத்தினார். கட்டி இருந்தது. நாற்காலியில் வாய் திறந்தபடி காத்திருந்தவனை அப்படியே விட்டுவிட்டு, மக்கியின் கையைப் பிடித்துத் தரதரவென்று வண்டி நிறுத்தத்துக்கு இழுத்துப் போனார்.

"கிழவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு! வலிக்கும்போது விட்டுட்டு, நல்லானப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறான் பாருங்கடா!" என்று மக்கி வழியெல்லாம் கத்தினான். சந்தையே சிரித்தது. அவர் பிடியைத் தளர்த்தவில்லை.

மூன்று வாரம் கழித்து மக்கி வந்தான். தாடைக்குக் கீழே கீறித் தைத்த தழும்பு. கையில் நன்றிக்காக, நீலக் காகிதம் சுற்றிய கூம்புச் சர்க்கரைக் கட்டி.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா போய்ச் சேர்ந்திருப்பேனாம். டாக்டரம்மா சொன்னா. ஏன் பா, இதை உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

"என் பெண்டாட்டி."

"அவங்க டாக்டருக்குப் படிச்சவங்களா?"

"இல்ல." புஷாயிப் சர்க்கரையை மடியில் வைத்துக்கொண்டார். "வலி நின்னுடுச்சுன்னு சொன்னா. நான் சந்தோசப்பட்டேன்."