பின்னேரம் மறைந்த முதுகுவலி

எனக்கு இருபத்தாறு வயது. மென்பொருள் பரிசோதிப்பது வேலை. எட்டு மாதமாக முதுகுவலி. கதிரைதான் காரணம் என்று புதுக் கதிரை வாங்கினேன், வலி போகவில்லை. வேலை முடிந்து பின்னேரங்களில் எங்கள் பகுதியான மில்லிக்கனில், முன்பதிவில்லாமல் போகக்கூடிய வோக்-இன் கிளினிக்குகளுக்குப் போனேன். மூன்று முறையும் வேறு வேறு வைத்தியர்கள் பார்த்து, தசைப்பிடிப்பு, ஓய்வெடுங்கள் என்றார்கள். ஓய்வெடுத்தால் வலி கூடியது.

ஒருநாள் அம்மா சொன்னார்: "காலமை கிழவி மாதிரிச் சுவரைப் பிடிச்சு எழும்புறாய், பின்னேரம் குமரியாய் ஓடித்திரியிறாய். உது காலமைச் சமையலிலை இருந்து தப்பப் போடுற கள்ளமோ?"

வலி குறைந்த நேரத்தில்தான் எல்லா வைத்தியர்களிடமும் போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. எழும்பும் நேரம், விறைப்பு விடும் நேரம், நடந்தால் குறைகிறதா என்று இரண்டு வாரம் குறித்தேன். அந்தத் தாளோடு காலையிலேயே குடும்ப வைத்தியரிடம் போனேன். ஓய்வில் கூடி, நடந்தால் குறையும் வலி என்பதால் முதுகு மூட்டுவாதத்தின் தொடக்கமாக இருக்கலாம் என்றார்.

இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. "அப்ப சுகம்தானே?" என்றார் அம்மா. "இல்லையம்மா, இன்னும் பாக்கோணும்" என்றேன். எம்.ஆர்.ஐ. படத்தில் முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டில் அழற்சி தெரிந்தது. மூட்டு இன்னும் பழுதாகவில்லை. மூட்டு நிபுணர் சிகிச்சையைத் தொடங்கிவிட்டார்.

இப்போதெல்லாம் வைத்தியரிடம் காலை முதல் நேரத்தையே கேட்டு வாங்குகிறேன். விறைப்போடேயே போய் நிற்கிறேன்.