இரைச்சலை அடக்கச் செருகிய போர்வை

பக்கவாதத்திற்குப் பின் என் மனைவியின் குரல் மிகவும் மெலிந்துவிட்டது. பிறந்த ஊரான நாட்டரசன்கோட்டையைக் காண அவள் விரும்பியதால், படுக்கையும் ஏ.சி.யும் கொண்ட கேரவன் வண்டியொன்றை ஓட்டுநருடன் வாடகைக்கு அமர்த்தினேன்.

கோயிலருகே வண்டி நின்றதும், சன்னல் வழியே பார்த்தபடி அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஓட்டுநர் தேநீர் அருந்தச் சென்றிருந்தார். நான் இறங்கி, ஜெனரேட்டர் பெட்டியின் பின்புறத் துவாரத்தில் போர்வையொன்றைச் செருகினேன். இரைச்சல் தணிந்தது.

சற்று நேரத்தில் ஜெனரேட்டர் சூடேறி நின்றது. திரும்பி வந்த ஓட்டுநர் பெட்டியின் முன்கதவைத் திறந்து எண்ணெய் அளவைப் பார்த்தார், குறையில்லை. ஆறவிட்டு மீண்டும் இயக்கினார். போர்வை செருகியதை நான் அவரிடம் சொல்லவில்லை.

"ஏதோ கருகுதுங்க" என்றாள் மனைவி. என்னால் அவளைத் தனியே தூக்க இயலாது. ஓட்டுநரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஓடிச்சென்று ஜெனரேட்டரை நிறுத்தி, புகைந்த போர்வையை இழுத்தெறிந்தார்.

"சூடு வெளிய போற வழியை அடைச்சுட்டீகளே ஐயா. தீப்பிடிச்சா அம்மா எங்குட்டுப் போவாக?"

"நீ பேசுவது கேட்கவேண்டும் என்றுதான்" என்று அவளிடம் சொன்னேன்.

"நல்லாப் பேசுன காலமெல்லாம் பேப்பருக்குள்ள தலைய விட்டுக்கிட்டு இருந்தீக. இப்ப என்ன புதுசா?" என்றாள் அவள்.



இப்போதும் அதே வண்டியில் பயணம் செல்கிறோம். புறப்படுமுன் அந்தத் துவாரத்தைப் பார்த்துவிடுகிறேன். அவள் பேச வாயெடுத்தால் ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, விசிறியோடு அவளருகே அமர்ந்துகொள்கிறேன்.