சென்னிமலை சுத்தம் செய்த காடு

சென்னிமலையின் குடும்பத்துக்கே சுத்தம் என்றால் பெருமை. முதலமடையில் அவர்கள் மாந்தோப்பில் பட்ட மரம் ஒன்றைப் பார்க்க முடியாது; கிளை காய்ந்தாலே கோடாலி வந்துவிடும். தோப்பு பங்காளிகள் கைக்குப் போன பிறகு, 1974இல் மலையடிவாரத்து ரிசர்வ் காட்டுக்குத் தற்காலிகக் காவலராகச் சேர்ந்தவர், அந்தத் தோப்புக்காரப் புத்தியையும் கூடவே கொண்டுபோனார். வேலை நிரந்தரமாக வேண்டும்; ரேஞ்சர் பார்வையிட வருகிறார். காடு தோப்பு மாதிரி இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது என்று நினைத்தார் மனுஷர்.

பாட்டன் பூட்டன் காலத்துக்கும் முந்திய தான்றி மரம் ஒன்று நுனி காய்ந்து நின்றது. மேலே பொந்தின் வாயில் மண் அப்பியிருந்தது. கரையான் ஏறிவிட்டது, இனி உதவாது என்று ஆளை விட்டு வெட்டிச் சாய்த்தார். விழுந்த வேகத்தில் பொந்து பிளந்தது. உள்ளே இறகு உதிர்ந்த பெட்டை இருவாச்சி ஒன்று பறக்க முடியாமல் கிடந்தது. அதன் அடியில் குஞ்சு நசுங்கியிருந்தது. அந்த மண் கரையான் வைத்ததல்ல. குஞ்சு பொரிக்க உள்ளே போனவள் தானே அடைத்துக்கொண்ட கதவு. ஆண் பறவை இரை ஊட்ட ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தாள்.

பெட்டையைக் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆலம்பழம் நீட்டினால் அலகைத் திறக்கவில்லை.

"ஏனுங்க, வெட்டறதுக்கு முன்னால செத்த நேரம் நின்னு பாத்திருந்தா, ஆம்பளப் பறவை வந்து போறது தெரிஞ்சிருக்குமில்லீங்க?" என்றாள் மனைவி மருதாத்தாள்.

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் கேட்டாள். மறுநாள் பெட்டை செத்துப்போனது. வெட்கம் பிடுங்கித் தின்ன, ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் புதைத்தார்.

ரேஞ்சர் வந்தார். மலையாளி, நல்ல மனுஷர்தான், காட்டைப் பார்வையிட்டதில் அவருக்கு ஏக திருப்தி.

"பிரமாதமாயிட்டு வச்சிருக்கீங்க, சென்னிமலை. உங்க வேலையை ஸ்திரமாக்கச் சொல்லி நானே எழுதறேன், கேட்டோ."

அப்போது ஆண் இருவாச்சி வந்தது. அலகு நிறையப் பழம். தான்றி நின்ற இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, பக்கத்து மரத்தில் உட்கார்ந்து கத்தியது.

"கண்டோ, எவ்வளவு கிட்ட வருது! காட்டை ஒழுங்கா நோக்கினா பட்சி தானே வரும்" என்று ரேஞ்சர் அவர் தோளைத் தட்டினார்.

உண்மை சென்னிமலையின் தொண்டை வரை வந்தது. அதற்குக் குறுக்கே பிள்ளைகுட்டிகளும் வந்து நின்றன.

"ஆமாங்க" என்றார். சொல்லிவிட்டு, அந்த வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று தெரியாமல் நின்றார்.