நாவல் வாடகைக்கு விட்டவன் கூண்டில் ஏறிய கதை

கோர்ட் வாசலில் நாவல் வாடகைக்கு விடுகிற தொழிலில் ஒரு உண்மை உண்டு: பயந்துபோய் உட்கார்ந்திருப்பவனுக்கு இன்னொருத்தன் பயப்படுவதைப் படித்தால்தான் மூச்சே சீராக வரும். திருப்பதியில் கோர்ட்டுக்கு எதிரே என் தகரப் பெட்டிக்கடை. சித்தூரிலிருந்து பாகாலா வழியாகத் தினமும் ரயிலில் வந்து திறப்பேன். எங்கள் பக்கத்துத் தமிழர்களுக்குத் தெலுங்கு பேசுவது தண்ணீர் பட்ட பாடு. படிக்க மட்டும் தமிழ்தான் வரும். கோர்ட் ஹாலுக்குள் போன் சத்தம் கேட்டால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், புத்தகத்துக்கு மணி அடிக்காது. அதனால் கொலை, வக்கீல், குறுக்கு விசாரணை என்று தலைதெறிக்க ஓடும் நாவல்களுக்கு என்னிடம் எப்போதும் கிராக்கி.

வாய்தாவுக்கு அலைந்து செருப்புத் தேய்ந்த புண்ணியவான்களே, நான் பட்டது உங்களுக்குத்தான் புரியும். போன வருஷம் ஒரு சாவு கேஸில் நானே ஒரே சாட்சியாகிவிட்டேன். உள்ளதைச் சொல்வதா, உயிரைப் பார்த்துக்கொள்வதா என்று மாசக்கணக்கில் வயிறு கலங்கிக் கிடந்தேன்.

எந்த ஊர் கோர்ட்டு?

முதலில் என் வாடிக்கைக்காரர்களைச் சொல்லிவிடுகிறேன். நகரியில் விசைத்தறி ஓட்டும் ஏழுமலைக்குத் தம்பியோடு நிலத் தகராறு, ஒன்பது வருஷமாக வாய்தா. மழை, நிலா, வர்ணனை எதுவும் அவருக்கு ஆகாது. முதல் பக்கத்தில் பிணம் விழ வேண்டும், கடைசிப் பக்கத்தில் தீர்ப்பு வர வேண்டும். ஒருநாள் மத்தியானத்துக்குள் ஒரு நாவலை முடித்துவிட்டார். அன்றைக்கும் அவர் கேஸ் தள்ளிப்போயிருந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது முகத்தில் அப்படி ஒரு ஏக்கம்.

“அண்ணா, இதுல திங்கக்கெழம கொலை, வெள்ளிக்கெழம தீர்ப்பு. எந்த ஊரு கோர்ட்டுனு கேட்டுச் சொல்லு, என் கேஸை அங்க மாத்திக்கினு பூட்றேன்.”

வக்கீல் படிக்கும் பக்கம்

மூர்த்தி வக்கீல் தெலுங்குக்காரர். சென்னையில் சட்டம் படித்ததால் தமிழ் படிப்பார். அவர் முழு நாவலைப் படித்து நான் பார்த்ததில்லை. கடையில் நின்றபடியே குறுக்கு விசாரணை வரும் அத்தியாயத்தைத் தேடி எடுப்பார், சிரித்துக்கொண்டே படிப்பார், வைத்துவிட்டுப் போவார். கதையில் மூன்றே கேள்வியில் சாட்சி உடைந்துவிடுகிறானே, நிஜத்தில் அது நடக்குமா என்று ஒருநாள் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

“சாட்சியை நாம தள்ளக் கூடாதுப்பா. அவன் எந்தப் பலகை மேல நிக்கிறான்னு பாத்து, அதை உருவிட்டா போதும்.”

குப்பம்மாவும் வெள்ளைக் காரும்

பழைய புத்தகம் வாங்கத் திருச்சானூர் போயிருந்தேன். காலை நேரம். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய எனக்கு எதிரே, லாட்ஜில் பெட்ஷீட் துவைக்கிற குப்பம்மா துவைத்த மூட்டையோடு ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார். எதிர்க் கட்டிடத்து மாடியில்தான் காயப் போடுவார்கள். வெள்ளைக் கார் ஒன்று அடித்தது. நின்றது. ஓட்டியவன் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான், நானும் அவனைப் பார்த்தேன். அவ்வளவுதான், போய்விட்டான். நம்பர் என் மனசில் பதிந்துவிட்டது. குப்பம்மா அங்கேயே இறந்துபோனார்.

ஸ்டேஷனில் நான் நம்பரோடு எல்லாம் சொல்லச் சொல்ல ஒரு போலீஸ்காரர் தெலுங்கில் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. நாள் முழுக்கப் புத்தகத்தோடு கிடக்கிற நான், அந்த ஒரு தாள் முன்னால் கைநாட்டுக்காரன் மாதிரி நின்றேன். மறுவாரம் குப்பம்மாவின் புருஷன் முனுசாமி கடைக்கு வந்தார். அதே லாட்ஜில் வாட்ச்மேன். பெஞ்சில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நீ ஒர்த்தன்தான் பாத்த நைனா. நீயும் பாக்கலனு சொல்லிட்டா, அவளே போய் வுழுந்தானு எழுதி மூடிடுவாங்க.”

மரியாதையான ஆள்

எனக்குச் சம்மன் வந்த மூன்றாம் நாள், இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் பைக்கில் வந்தார். அவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் புத்தகம் கேட்டதில்லை. ஒன்றை எடுத்துப் புரட்டினார். “அண்ணா, இதுல சாட்சி சொல்றவன் கடைசி வரைக்கும் உசுரோட கீறானா?” என்று கேட்டார். “திருச்சானூர் கேஸு தேதி எனக்கும் தெரியும்ணா” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை அதே இடத்தில் ஒழுங்காக வைத்தார். நாவலாக இருந்தால் இந்த இடத்தில் ஆசை ஆசையாக அடுத்த பக்கத்தைத் திருப்பியிருப்பேன். அன்றைக்கு ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு மத்தியான ரயிலுக்கே ஓடினேன்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். என் பெண்டாட்டி எதற்கும் அழாதவள், அன்றைக்கு அழுதாள். அழுது முடித்துவிட்டு யோசனையும் சொன்னாள்.

“வயித்தால போவுது, வர முடியலனு எழுதிக் குடுத்துடு. நெஜமாவே போய்க்கினுதான கீது, அதுல ஒண்ணும் பொய்யில்ல.”

கூண்டு

போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. டவாலி என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார், மூன்றாவது தடவைக்குத்தான் கால் நகர்ந்தது. அரசு வக்கீல் கேட்டதையெல்லாம் சொல்லி முடித்தேன். அதற்கப்புறம் கார்க்காரன் பக்கத்திலிருந்து எழுந்தவர் யார் என்கிறீர்கள்? மூர்த்தி வக்கீல்.

என்ன தொழில் என்று தெலுங்கில் கேட்டார். சொன்னேன். வாடகைக்கு விடுகிற நாவலையெல்லாம் படிப்பீர்களா? படிப்பேன். காரில் அடித்துவிட்டு ஓடிப்போகிற கதை எத்தனை படித்திருப்பீர்கள்? பத்துப் பன்னிரண்டு இருக்கும் என்றேன், பொய் சொல்லத் தெரியாமல். ஹாலில் சிரித்தார்கள். அதில் ஒன்றைத்தான் இங்கே வந்து சொல்கிறீர்கள் என்றார். இருபது வருஷத் தொழிலை என் காலுக்கடியிலிருந்து உருவிவிட்டார். முனுசாமி கடைசி வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெலுங்கு மறந்துபோய்த் தமிழிலேயே வந்துவிட்டது: “கதையில எத்தினியோ பேரு செத்துக்கீறாங்க சார். நான் ஒருத்தருக்கும் எயுந்து போனதில்ல. இந்தம்மாகிட்ட ஓடினேன். மூட்டையிலேர்ந்து ஒரு பெட்ஷீட்ட உருவி நான்தான் போத்தினேன்.” பெட்ஷீட் விஷயம் போலீஸ் எழுதினதில் இல்லையே என்று வக்கீல் பிடித்துக்கொண்டார். அதையும் அன்றைக்கே சொன்னேன் சார், அவர் எழுதினதைத்தான் எனக்குப் படிக்க வராது என்றேன். மேஜிஸ்ட்ரேட் அம்மா பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். என் சாட்சியத்தை வரி வரியாக வாசித்து, எனக்குத் தமிழிலும் சொல்லும்படி கிளார்க்கிடம் சொன்னார். பிறகுதான் தாளை என் பக்கம் தள்ளினார்.

“இதுல நீங்க சொன்னது எல்லாம் இருக்கா? இருந்தா மட்டும் கையெழுத்துப் போடுங்க.”

வெளியே

வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். முனுசாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையெடுத்துக் கும்பிடுவார், அழுவார் என்று பயந்தேன். இரண்டும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒன்றைக் கேட்டார்.

“தொவச்ச பெட்ஷீட்டுனா ஈரமா இருந்திருக்குமே... அவளுக்குக் குளிரு ஆவாது நைனா.”

தீர்ப்பு இன்னும் வரவில்லை, பைக் சத்தம் கேட்டால் தலை தானாகக் குனிகிறது. மற்றபடி பயத்தை வாடகைக்கு விடுவது நல்ல தொழில்தான், சொந்தமாக ஒன்று வந்து சேராத வரைக்கும்.