மழை நாள் கழிவு

ஈரச் சாக்கு காயும் வாடை எங்கிருந்து வந்தாலும் சரி, ஈயத் தகடும் கறுப்புக் காகிதமுமாக நான்கு பெட்டிகள் என் முன்னால் வந்து நின்றுவிடுகின்றன.

அறுபதுகளின் தொடக்கம். ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து நிறுத்து எழுதுவது என் வேலை. உயரமான இடம் வேண்டுமென்று பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர், மாத்தளைக்காரர், அந்தப் பெட்டிகளோடு, கொழுந்துச் சாக்குகள் காயும் எங்கள் மேல்மாடிக்கு வந்தார். வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் விழுந்துகொண்டே இருக்கின்றனவாம். ஈயத்தில் மோதிச் சிதறும்போது அவற்றின் பலத்தைப் பெட்டி அளக்குமாம். வானத்திலிருந்து மழையைத் தவிர வேறெதுவும் விழுந்து பார்த்திராத நான் தலையாட்டினேன்.

அளப்பதற்கு முன் பெட்டி யோக்கியமானதா என்று பார்க்க வேண்டும். தினமும் காலையில் கதிர்வீசும் சிறு வில்லையொன்றை ஒவ்வொரு பெட்டி மேலும் வைத்து, முள் காட்டும் எண்ணை எழுதவேண்டும். என்றைக்கும் ஒரே எண் வர வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் அவர் எழுதுவார், மற்ற நாள்களில் நான். பெட்டிகள் தேறினால் எனக்கு ஆய்வுகூடத்தில் வேலை. அதற்கான கடிதம் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

பெட்டிகள் தேறவில்லை. மழை நாளில் நான்கிலும் எண் இறங்கியது. ஈரம் புகுந்துவிட்டதென்று பிரித்தார். அடுப்பு வெக்கையில் காயவைத்தார். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் தகட்டால் மூன்று சுற்றுச் சுற்றினார். மழை வந்தது, எண் இறங்கியது. அவர் எழுதும் நாளெல்லாம் வெயில். ஹட்டனில் அது எப்படி என்று கேட்காதீர்கள்.

கடைசியில், பெட்டிகள் உதவாதவை என்று கட்டி ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

அன்றும் மழை. தராசு ஒரு கூடைக் கொழுந்துக்கு இருபது ராத்தல் காட்டியது, பதினெட்டு எழுதினேன். ஈரத்துக்குக் கழிப்பது வழக்கம்.

"மழை பேஞ்சா இவரு பேனாவுக்கு நல்லாப் பசிக்குதுடி," என்றாள் கூடைக்காரி, அடுத்தவளிடம். வரிசையே சிரித்தது.

என் கை நின்றது. மேல்மாடியில் எழுதியதும் இதே கைதான்.

தோட்டத்து லொறியில் தொற்றிக்கொண்டு போனேன். ரயில் வந்து நின்றிருந்தது, அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"சேர், பெட்டியெல்லாம் நல்ல பெட்டிங்க. மழை நாள்ல நான்தான் கழிச்சிட்டேன்."

"எதுக்கு?"

"ஈரத்துக்குங்க."

"பெட்டி நனையலையே?"

"பழக்கங்க."

"எவ்வளவு?"

"பத்துல ஒண்ணுங்க."

எண்கள் எழுதிய கொப்பியை விரித்து, மழை நாள்களுக்கெல்லாம் கழித்ததைத் திரும்பக் கூட்டிப் பார்த்தார். நான்கு பெட்டிகளும் நேராக வந்து நின்றன. அவர் முகம் மலர்ந்தது. பிறகு என் கடிதத்தை வெளியே எடுத்தார், ஒரு தடவை வாசித்தார், மடித்துத் திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

"நாங்களும் கழிப்போம், தம்பி. எவ்வளவுன்னு பக்கத்துலயே எழுதிடுவோம்."

ரயில் அசைந்தது. கூடவே நடந்தேன். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"கொழுந்து பறிக்கிறவங்களுக்கும் இதே கழிவா?"

"ஆமாங்க."

"அவ்வளவு ஈரமா இருக்கு கொழுந்துல?"

"யாரும் நிறுத்துப் பாத்ததில்லைங்க, சேர்."