மண்ணெண்ணெய் ஜீப்பும் மூன்றாவது கியரும்

போன மாதம் வவுனியாவில் ஜீப் வாங்கப் போயிருந்தோம். விற்பனையாளராக நின்ற இளம் பிள்ளை என் கணவரைப் பார்த்தே கேட்டது. "பெற்றோலோ, டீசலோ, ஹைபிரிட்டோ அங்கிள்? கியர் மனுவலோ, ஓட்டோவோ?"

"ஓடப்போறது அவா. அவாவைக் கேளுங்கோ."

பிள்ளை திரும்பி என் நரைத்த தலையைப் பார்த்தது. "அன்ரிக்கு ஓட்டோதான் சுகம்."

பொனற்றைத் திறக்கச் சொல்லி, குனிந்து மணந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. எஞ்சின் என்றால் கண் எரிய வேண்டும் என்று பழகிப்போனவள் நான். அந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

சண்டைக் காலத்தில் நான் ஜெயபுரம் பக்கம் மருத்துவிச்சி. சனம் 'மிசி' என்று கூப்பிடும். பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் பெற்றோல் வராது. எங்களுக்கென்று இருந்த ஒரேயொரு பழைய பெற்றோல் ஜீப்பை ஓட்டுநர் சூசை அண்ணன் மண்ணெண்ணெயில் ஓட்டினார். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் தீப்பற்றாது. எப்படியோ தேடிய பெற்றோலில் நாலு சொட்டு விட்டுக் கிளப்ப வேண்டும். சூடேறினால் பிறகு மண்ணெண்ணெய் போதும். அந்தப் புகையில் கண்ணீர் வழிய நான் போய் இறங்கினால், செத்தவீட்டிலிருந்து வருகிறேன் என்று நினைத்தவர்களும் உண்டு.

ஒரு மாரியில் கமலா என்ற பெண்ணுக்கு வலி கண்டது. தலைப்பிள்ளை, குறுக்கே கிடந்தது. என் கைக்குள் அடங்காது. கிளிநொச்சிக்குக் கொண்டுபோயாக வேண்டும். பாதி வழியில் வெள்ளத்துக்குள் எஞ்சின் நின்றுவிட்டது. சூசை அண்ணன் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். பெற்றோல் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தார். சொட்டும் இல்லை.

"இனி எழும்பாது மிசி."

பின்னால் படுத்திருந்த கமலா கேட்டாள்: "மிசி, நான் செத்துப்போவனோ?"

"விசர்க்கதை கதையாதை" என்று அதட்டிவிட்டு, பையிலிருந்த ஸ்பிரிட் போத்தலை எடுத்தேன்.

"அண்ணை, இதுவும் பத்துமெல்லோ? ஊத்துங்கோ."

"எஞ்சினுக்கும் மருந்தோ!" என்று முணுமுணுத்தபடி காபரேற்றருக்குள் ஊற்றினார். எஞ்சின் இருமியது. இன்னொரு தரம் இருமியது. பிறகு உறுமியது.

அடுத்த கரைச்சல் மூன்றாவது கியர். பிடிக்காவிட்டால் கழன்றுவிடும். முன்சீற்றில் சூசை அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்த நான் வலது கையால் அதை அழுத்திக்கொண்டு, இடது கையைப் பின்னால் நீட்டிக் கமலாவிடம் கொடுத்தேன். அவள் விரல்களை நெரித்தே எடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசல்வரை நான் இரண்டையும் விடவில்லை. சத்திரசிகிச்சை செய்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினார்கள். பெண் குழந்தை.

வவுனியாவில் டீசலைத் தெரிந்தெடுத்தேன். கியர் விடயத்தில் பிள்ளை சொன்னதுதான் சரி: ஓட்டோ. நான் கியர் பிடித்த காலம் போதும்.

நேற்று புது ஜீப்பில் அதே ஜெயபுரம் வீதியால் போனேன். அந்த நாளில் ஜீப் சத்தம் கேட்டால் சனம் போட்டது போட்டபடி படலைக்கு ஓடிவரும். "ஆருக்கு என்ன?" என்று கேட்கும். வாகனம் வந்தால் யாருக்கோ ஏதோ என்றுதான் அர்த்தம். நேற்று ஒரு படலையும் திறக்கவில்லை. வளவில் நெல் காயப்போட்டிருந்த பெண்ணொருத்தி, என் பக்கம் நிமிர்ந்தும் பாராமல் கோழி துரத்திக்கொண்டிருந்தாள்.