சேகர் பெயரில் நான் செய்த வேலை

சேகர் போய்விட்டார்.

எங்கள் மைசூர் ஆபீசில் பக்கத்து சீட். நான் அக்கவுண்ட்ஸ், அவர் புரோகிராமர். நேற்று அவர் சொந்த ஊரான கௌதள்ளியில் அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய்விட்டு வந்தேன். இதை இங்கே எழுதாவிட்டால் வேறு யாரிடம் சொல்வேன்... வீட்டில் நான் மட்டும்தானே.

எங்கள் சர்ச் பிள்ளைகளுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் எழுத்தைக் காட்டினால் முழி பிதுங்கும். அவர்களுக்காக, வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, என் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு எழுத்து விளையாட்டு செய்து கொண்டிருந்தேன். ஒரு நாள் எதையோ மாற்றப் போய் மொத்தமும் நாசம்.

அழாத குறையாக சேகரிடம் சொன்னேன்.

"கிட்டுன்னு ஒரு சாப்ட்வேர் இருக்குங்க, அதைப் போட்டுக்குங்க மேடம். எதை எப்ப மாத்துனீங்கன்னு அதுவே ஞாபகம் வச்சுக்கும். கெட்டுப்போச்சுன்னா பழசை எடுத்துக்கலாமுங்க."

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்ததும் போனில் சொல்லிக் கொடுத்தார். அவர் கௌதள்ளியில் மொட்டை மாடியில், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். நான் இங்கே டைனிங் டேபிளில். "நான் சொல்றத அப்படியே அடிங்க மேடம். ஒரு எழுத்தும் மாத்தாதீங்க" என்றார்.

நான்தான் சொன்ன சொல் தட்டாதவள் ஆச்சே! பெயர் போடும் இடம் வந்தது. உதாரணத்துக்கு அவர் தன் பெயரையும் ஈமெயிலையும் எழுத்து எழுத்தாகச் சொன்னார். நானும் அப்படியே அடித்தேன்.

"ஆய்த்தா மேடம்?" முடிந்ததா என்று கன்னடத்தில் கேட்டார்.

"ஆய்த்து சேகர்."

அன்றிலிருந்து என் கம்ப்யூட்டரில் நான் செய்வதெல்லாம் சேகர் செய்ததாகப் பதிவாயிற்று. இணையத்தில் அவருக்கு ஒரு பக்கம் உண்டு. வேலை செய்த நாளுக்கெல்லாம் ஒரு பச்சைக் கட்டம் விழும். நான் இணையத்துக்கு அனுப்பிய வேலைக்கும் அவர் பக்கத்தில் பச்சை விழுந்தது.

அவர் அதைக் கண்டுபிடித்ததும் மெசேஜ் வந்தது. "இன்னைக்கு நான் பிரமாதமா வேலை செஞ்சிருக்கேன் போல. ரொம்ப தேங்க்ஸ் மேடம்."

பெயரை மாற்ற ஒரே ஒரு வரி போதும், அதையும் அனுப்பினார். நான் மாற்றவில்லை. ஏன் என்றால்... நான் இன்று என்ன செய்தேன் என்று பார்க்க ஒரு ஆள் இருந்தார். அவ்வளவுதான். இதற்கு மேல் அழகாகச் சொல்லத் தெரியவில்லை.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு தினமும் எதையாவது மாற்றினேன். ஒரு நாள் எழுத்தின் கலர், ஒரு நாள் பொம்மை. எப்படியும் பார்ப்பார், கிண்டலாக ஏதாவது அனுப்புவார் என்று. வரவில்லை.

நேற்று அவர் மனைவி செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் சேகருடைய போன். அதில் பச்சைக் கட்டங்கள் விழும் அந்தப் பக்கம் திறந்திருந்தது.

"பாருங்கக்கா. ஆஸ்பத்திரியில படுத்த நாள்லயும் வேலை செஞ்சிருக்காருங்க. நான் சாப்பாடு எடுக்க வீட்டுக்குப் போனா போதும், லேப்டாப்பை எடுத்துருவாரு போல. இத பாத்துட்டு நான் திட்டுனேங்க. வாயே தொறக்கல, சிரிச்சாரு. ரெஸ்ட் எடுத்திருந்தா இருந்திருப்பாரோ என்னமோ..."

செல்வி திட்டியபோதே அது யார் செய்த வேலை என்று சேகருக்குத் தெரிந்திருக்கும். என்னைக் காட்டிக் கொடுக்காமல் சிரித்திருக்கிறார், அந்த நிலைமையிலும்.

சொல்லிவிட்டேன். கௌதள்ளி மாடி, டைனிங் டேபிள், பெயர் மாறிப்போனது, எல்லாம். துக்க வீட்டில் கம்ப்யூட்டர் கதை சொல்கிறாளே என்று சுற்றி இருந்தவர்கள் பார்த்தார்கள்.

செல்வி திரும்பத் திரும்பக் கேட்டார். "நெசமா நீங்களாக்கா? எல்லாமே நீங்கதானா?"

"எல்லாமே நான்தான் செல்வி."

"அப்ப அவரு படுத்துத் தூங்குனாருங்களா?"

"தூங்கியிருப்பார்மா."

என் தோளில் சாய்ந்து அப்போதுதான் வாய்விட்டு அழுதார். நானும்தான்.

இன்று காலையில் அந்த ஒரு வரியை அடித்தேன். என் பெயர், என் ஈமெயில். இனிமேல் அவர் பக்கத்தில் பச்சை விழாது. பழையதை மாற்றவும் வழி இருக்கிறதாம். நான் தொடப் போவதில்லை.

பிறகு விளையாட்டில் ஒரு எழுத்தைச் சரிசெய்து அனுப்பினேன். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக் கொண்டிருந்தேன்...

நல்லா தூங்குங்க சேகர். செல்வி இனி திட்டமாட்டாங்க.